என் வீட்டுக்காரர் காலில் அவளுடைய திருகாணி

எங்கள் வீட்டில் திருகாணி என்றால் தோட்டுக்குப் பின்னால் திருகுவதுதான். திருகாணிக்குப் படம் போடுகிற வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, அத்தை, அதாவது என் மாமியார், தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்குப் போயி என்ன கண்ணு படம்? ஆசாரி கண்ணாலயே அளந்து போட்டுடறானே."

"எலும்புல போடறதுங்க அத்தை. ஒடஞ்ச எலும்பைச் சேர்த்துப் பிடிக்கறதுக்கு."

"எலும்புலயா? எத்தன பவுனு?" என்று கேட்டார். அத்தையின் கேள்விகள் எப்போதும் அப்படித்தான், கதவைத் தட்டாமல் நேராக உள்ளே வரும்.

நான் பட்டம் வாங்கியவள் இல்லை. எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். மலைமேல் எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து தினமும் போய் ஓர் எஸ்டேட் ஆபீசில், கணக்கு எழுதுகிற ரைட்டருக்குக் கீழே, கம்ப்யூட்டரில் ஆள் கணக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் வேலை ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்டேன். முதலில் எங்கள் வீட்டுக் கதவுக் கொண்டி. அப்புறம் காப்பிப் பழம் உரிக்கிற மிஷினின் பல்சக்கரம். சேலத்துக்கு வெளியே எலும்பு முறிவுக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி, பழைய காகிதப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று யாரிடமோ சொல்ல, அது என் காதுக்கு வந்தது. காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்குவேன், சாயங்காலம் சுற்றிச் சுற்றி ஏறுவேன்.

மற்றதெல்லாம் பேசிப் பேசிக் கற்றதுதான். எனக்கு யாராவது வாயைத் திறந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவேன். "ஸ்க்ரூவுக்குச் சீக்கு வந்தா கழுத்துலதாங்க வரும்" என்பார் லேத்தில் நிற்கிறவர். தலையும் தண்டும் சேருகிற இடத்தில் மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் விழும், அதனால் அந்த மூலையை உருட்டி விட வேண்டும் என்பதை அவர் சொல்கிற விதம் அது. எலும்பைப் பற்றி ஒரு டாக்டரின் உதவியாளர் சொன்னார்: "வெளிய தேக்குங்க, உள்ள பன்னு ரொட்டி." அதை வைத்துத்தான் இன்றைக்கும் மரை போடுகிறேன். ஸ்க்ரூவில் சுற்றி ஓடுகிற அந்த வரிக்குத்தான் மரை என்று பெயர். தேக்கு மாதிரி இறுகிய எலும்புக்கு நெருக்கமான, ஆழமில்லாத மரை போதும். பன்னுக்கு மரை ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவ்வுகிற இடத்தில் கவ்வ ஒன்றும் இருக்காது.

என்னுடைய ஸ்க்ரூ பன்னுக்கானது. நுனியில் மட்டும் மரை, மீதித் தண்டு மழமழவென்று இருக்கும். நுனி அந்தப் பக்கத்து எலும்பைக் கவ்விக்கொள்ளும். திருகத் திருக, தலை இந்தப் பக்கத்துத் துண்டை இழுத்துக்கொண்டு போய் அதோடு ஒட்டவைக்கும். தலையைப் பார்க்கிற பக்கம் மரையைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன், இழுத்தால் சுலபமாக வராது. எலும்பு மாதிரிச் செய்த நுரைக்கட்டையில் போட்டு மிஷினில் இழுத்துப் பார்ப்பார்கள். என்னுடையதை இழுத்தபோது கட்டைதான் பிய்ந்தது. லேத்துக்காரர் அந்தக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஸ்க்ரூ இல்லீங்க, மாமியார் புடி" என்றார். அன்று பஸ்ஸில் மேலே வரும்போது எனக்கு வளைவே தெரியவில்லை.

அப்புறம்தான் அவள் வந்தாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். மிஷின் படிப்பில் பெரிய பட்டம். என்னைவிட நன்றாகச் சின்னவள். வந்த அன்றே "அக்கா" என்றாள். எனக்குத் தெரியாததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல். டீ கொண்டுவந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வருவாள். வெறுக்க ஒரு காரணம் கூடத் தரமாட்டாள். பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் உண்டா, சொல்லுங்கள். முதலாளி முன்பெல்லாம் எதற்கும் என் மேஜைக்கு வந்து நிற்பார். இப்போது என் மேஜையைத் தாண்டித்தான் அவளிடம் போவார். தாண்டும்போது ஒரு புன்னகை செய்வார். அந்தப் புன்னகை இல்லாமல் போனால் தேவலாம் என்றிருக்கும்.

மதியம் பேக்கிங் அறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் அவள் சோற்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, கணுக்கால்ல இது என்ன?"

வெளிக்கணுக்காலில் கறுத்துத் தடித்த ஒரு காய்ப்பு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. சம்மணம் போட்டால் தரையில் படுகிற இடம் அதுதானே.

"தரையில உக்காந்தே வளர்ந்த காலு கண்ணு. உனக்கு இல்லையா?"

அவள் தன் காலைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம்தான் இருந்தது. இடது கையால் என் காய்ப்பை அழுத்திப் பார்த்தாள். "இங்கயா முழு எடையும் விழுது?" என்றாள். தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீசில் எல்லாரையும் கூப்பிட்டுத் தன் படத்தைத் திரையில் காட்டினாள். வெளிக்கணுக்கால் எலும்புக்கான ஸ்க்ரூ. தலை தட்டை. பிளேட்டின் குழிக்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்துவிடும், மேலே விரலை ஓட்டினால் தட்டாது. தலை தட்டையானால் ஸ்க்ரூ டிரைவர் இறங்குகிற குழியும் ஆழம் குறையும், வழுக்கும் என்று நான் உடனே சொன்னேன். தெரிந்ததைச் சொல்ல வேண்டுமே. அதற்காகக் குழியை அறுகோணமாக இல்லாமல் நட்சத்திர வடிவில் போட்டிருப்பதாகச் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. நட்சத்திரமானால் பிடிக்கிற முனைகள் சரியாகப் பொருந்தும், வழுக்காது.

"நாம பார்த்து வரையற படமெல்லாம் நாற்காலியில உட்கார்றவங்களுக்குப் போட்டது சார். நம்ம ஆளுங்க தரையில உட்கார்றாங்க. அந்த இடத்துல சதையே கிடையாது. தோலுக்குக் கீழே ஸ்க்ரூ தலை துருத்திக்கிட்டு இருந்தா எப்படி உட்காருவாங்க?"

முதலாளி கைதட்டாத குறை. நான் நாற்காலிக்கு அடியில் கால்களை இழுத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நாற்காலிக்காரர்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். என் காலில் இருந்தது என் கண்ணில் படவில்லை, அவள் கண்ணில் பட்டது. என் கால் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவும் இல்லை.

சோதனை, அனுமதி எல்லாம் முடிந்து அந்த ஸ்க்ரூ ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதுவரை நடந்தது பட்டறைச் சங்கதி. கீழேயே விட்டுவிட்டு மேலே வந்துவிடலாம். தை மாதக் கடைசியில் அது மலையேறி எங்கள் வீட்டுக்கே வந்தது.

என் வீட்டுக்காரர் தலைச்சோலையில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறித்தான் பறிக்க வேண்டும். பனி காயாத காலையில் ஏறினார். ஏணி ஒரு பக்கம் திரும்பியது, இவர் இன்னொரு பக்கம் விழுந்தார். பாதம் திரும்பிக்கொண்டு நின்றதாம். ஜீப்பில் போட்டு இறக்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர் பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"ஏம்புள்ள, வைகாசியில மடி குடுக்கோணுமே."

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரே தங்கை, மாரமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தங்கையின் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் வெறும் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடியில் வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். குழந்தை பிறந்த நாளிலிருந்து இவர் அந்த மடிக்குக் காத்திருந்தார். இவருடைய சித்தப்பா மகனும் காத்திருந்தான். அவனும் முறைக்கு மாமன்தானே, இவரால் முடியாவிட்டால் அவன் மடி.

"அதெல்லாம் உக்காருவீங்க" என்றேன்.

"உன்னோட ஆணியப் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் எவ்வளவு பூரித்துப்போனேன் என்று அப்போது யாராவது என் முகத்தைப் பார்த்திருந்தால் அடித்திருப்பார்கள். கணவர் கால் ஒடிந்து கிடக்கிறார், இவள் சிரிக்கிறாள் என்று.

டாக்டர் எங்கள் பட்டறையில் வாங்குகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணுக்காலின் இரண்டு பக்கமும் உடைந்திருந்தது.

"உள்பக்கத்துக்கு உங்க பழைய ஸ்க்ரூ ரெண்டு போட்டுடலாம். வெளிப்பக்கத்துக்கு இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கே, தலை தட்டையா. இவர் தரையில உட்கார்றவர்தானே?"

"ஆமாங்க."

"அதுதான் சரி. ரொம்ப நல்ல யோசனைம்மா அது. நீங்க போட்டதா?"

"இல்லைங்க" என்றேன். ஒரே வார்த்தைதான், எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அந்த எக்ஸ்ரேயை வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் இரண்டு நீண்ட கோடுகள், நுனியில் அகலமான மரை, காளான் மாதிரித் தலை. என் பிள்ளைகளை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். வெளிப்பக்கத்தில் பிளேட்டோடு பிளேட்டாக வரிசையாக அவளுடையவை. தலை இருப்பதே தெரியவில்லை. எவ்வளவு அடக்கம் பாருங்கள், அவளைப் போலவே.

வெள்ளக்கடையே பார்க்க வந்தது. கட்டுப் பிரித்த பிறகு அத்தை ஒவ்வொருவராக அழைத்து, "தொட்டுப் பாருங்க, உள்ள இரும்பு இருக்குன்னு தெரியுதுங்களா?" என்பார். வந்தவர்கள் வெளிக்கணுக்காலைத் தடவிப் பார்த்து, "அட, ஒண்ணுமே தட்டுப்படலீங்க" என்று வியப்பார்கள்.

"உள்பக்கம் இருக்கற ரெண்டும் நான் படம் போட்டதுங்க" என்பேன்.

"அப்படிங்களா" என்பார்கள். மறுபடியும் வெளிப்பக்கத்தைத் தடவுவார்கள்.

எல்லாரும் போன பிறகு அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஊட்டுக்காரி படம் போடறா, ஊராளு ஆணி வந்து காலுக்குள்ள குடியிருக்குது." கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவர் வேறு, "அந்தப் புள்ளைக்கு நொம்ப புத்திங்க, நம்ம உக்கார்றத யோசிச்சிருக்கு பாருங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். ஜீப்பில் "உன்னோட ஆணி" என்று கேட்ட வாய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். சேலத்திலிருந்து பஸ் ஏறி, வளைவில் எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு. முகம் கழுவி, மோர் குடித்து, பாயில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணா, தொட்டுப் பார்க்கலாமா?"

இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் பட்டறையில் யாரும் தங்கள் ஸ்க்ரூவை உயிருள்ள உடம்பில் தொட்டுப் பார்த்ததில்லை. நுரைக்கட்டையில் பார்ப்போம், பெட்டியில் அடுக்குவோம், அனுப்புவோம். அப்புறம் அது யார் காலிலோ எந்த ஊரிலோ நடந்துகொண்டிருக்கும். அவளுடைய ஆசை எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பொறுக்கவில்லை.

இவர் வெட்கத்தில் மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரலால் வெளிக்கணுக்கால் மேட்டின் மேல் மெதுவாக, ஓர் இடம் விடாமல் தடவினாள். என் கணவரின் கால். எனக்கு அவர் காலில் எந்த இடத்தில் எந்தத் தழும்பு என்று தெரியும். தோலுக்கு அடியில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். கொண்டுவந்த காப்பித் தம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே பாயின் ஓரத்தில் வைத்தேன்.

"அவ எதையோ தேடறாப்புல இருக்குதே" என்றார் அத்தை.

"தேடிக் கிடைக்கக் கூடாதுங்கம்மா, அதான் வேணும்" என்று அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இது அக்கா கால்லேர்ந்து வந்ததும்மா. அக்காவோட காய்ப்பைப் பார்க்கலன்னா எனக்குத் தோணியே இருக்காது. சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பார்த்தீர்களா? என் காலைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை என்று அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே குறை. அதையும் சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இனி எதை வைத்து நான் கோபப்படுவது?

"அப்ப எங்க ஊட்டுக் காலுதான் மூலதனம்" என்றார் அத்தை. அதோடு விட்டாரா? "காதுகுத்துக்கு நீயும் வந்துடோணும் கண்ணு. உன் ஆணி புடிச்சாத்தான் எம்மவன் மடி" என்று அழைப்பும் வைத்துவிட்டார்.

சித்திரையில் உட்காரப் பழக ஆரம்பித்தார். முதலில் சுவரில் சாய்ந்து, மடித்த கம்பளியின் மேல். முட்டி மடங்கும், கணுக்கால் மடங்காது, வியர்த்துப் போவார். சித்தப்பா மகன் வந்து வாசலில் நின்று பார்ப்பான். காதுகுத்துக்கென்று புது ஜரிகை வேட்டி அவன் ஏற்கெனவே எடுத்துவிட்டான் என்று ஊருக்கே தெரியும்.

"அண்ணா, நாற்காலி வேணும்னா சொல்லுங்க. பந்தல்காரங்கிட்டச் சொல்லிப் பட்டுத்துணி போட்டு வெச்சுடறேன்."

"நாற்காலில மடி ஏதுடா? அது தொடைடா" என்றார் இவர், வலியோடு வலியாக.

"ஒரு மெத்தையாவது போட்டுக்கலாமுங்களே."

"மெத்தையில சாஞ்சு குந்தறதுக்கு இதென்ன சினிமாக் கொட்டாயா?" என்று உள்ளேயிருந்து அத்தை. "வெறும் மணை. முடிஞ்சா எம்மவன். இல்லாட்டி நீ. போயி வேட்டியத் துவைச்சு வை."

அவன் போன பிறகு இவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பொறாமை எனக்கு நன்றாகத் தெரிந்த பொறாமை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

தினமும் அவர் கம்பளியை ஒரு மடிப்புக் குறைப்பார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் உட்கார வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொள்வேன். அதே மூச்சில், வெளிப்பக்கம் ஒரு துளி, ஒரே ஒரு துளி குத்தினால் என்ன என்றும் இருக்கும். சாமிக்கு இதில் எந்த வேண்டுதலைக் கேட்பது என்று குழம்பியிருக்கும்.

"வெளிப்பக்கம் குத்துதுங்களா?"

"இல்லையே."

"தரையில அழுத்திப் பாருங்க."

"அழுத்தித்தான் உக்காந்திருக்கறேன். ஏம்புள்ள, குத்தோணுங்கறயா, குத்தக் கூடாதுங்கறயா?"

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

வைகாசியில் மாரமங்கலத்துக் கோவில் வாசலில் பாறைமேல் பந்தல். அதிகாலைப் பனி இன்னும் விலகவில்லை, பாறை சில்லென்று இருந்தது. மணையைப் போட்டார்கள். பலாப்பலகை, ஒரு துணி கூட இல்லை. அவள் வந்திருந்தாள். அத்தை அவளை முன்வரிசையில், தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். என்னை யாரும் எங்கும் உட்காரவைக்கவில்லை, நான் தேங்காய் பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். சித்தப்பா மகன் ஜரிகை வேட்டியில் பந்தல் கால் ஓரமாக நின்றான். கூப்பிட்டால் ஒரே எட்டில் வந்துவிடுகிற தூரம்.

இவர் கையை ஊன்றாமல் இறங்கினார். ஒடிந்து சேர்ந்த இடது காலை மடக்கினார். வெளிக்கணுக்கால் பலகையில் பட்டது. வலது காலை அதன்மேல் மடக்கிப் போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தங்கைக்கு அங்கேயே கண்ணீர். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "மாமன் மடிடா சாமி, ஆடாம உக்காரு" என்றாள்.

ஆடாமல் உட்காருகிற குழந்தையா அது? ஆசாரி முதல் காதைக் குத்தியதும் ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு குதிகாலாலும் மாமன் காலை உதைத்தது. இவர் முகம் சுருங்கியது. நான் பார்த்தேன். ஒரு நொடிதான். பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி, மறுபடியும் சிரித்தமுகம். அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் முன்னால் சாய்ந்ததில் தெரிந்தது. சித்தப்பா மகன் ஒரு எட்டு வைத்தான். இவர் அவனைப் பார்க்காமலே குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, "குத்துங்க ஆசாரி, மறுகாதையும் குத்துங்க" என்றார்.

மறுகாதும் ஆயிற்று. குட்டித் தோடு போட்டுத் திருகாணியைத் திருகினார் ஆசாரி. குழந்தை தேம்பித் தேம்பி மாமன் மார்பிலேயே ஓய்ந்தது. அது ஓயும்வரை இவர் எழவே இல்லை. முறை செய்கிற தட்டெல்லாம் அந்த மடியைச் சுற்றித்தான் வந்து இறங்கியது.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது நான் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"குத்துச்சுங்களா?"

"ம்."

எனக்குள் என்ன எழுந்தது என்று சொல்ல மாட்டேன், நீங்களே தெரிந்துகொள்வீர்கள். "எந்தப் பக்கம்?"

அதற்குள் அவளும் வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, வலிச்சுதா? வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கமா? அங்க ஒண்ணுமே இல்லீங்களே."

"ஒண்ணுமே தெரியலையாண்ணா?"

"அப்படி ஒண்ணு உள்ள இருக்கறதே மறந்துபோச்சுங்க."

"ஒண்ணுமேவா?" என்று மறுபடியும் கேட்டாள். அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான், தேடினால் கிடைக்கக் கூடாது என்றவள் அவள்தான். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வியில் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த இறக்கம் எனக்குத் தெரியும். நான் வந்தவர்களிடம் எல்லாம் "உள்பக்கம் ரெண்டும்" என்று சொன்ன குரல் அது.

இவர் மேலே கிடந்த வலது காலைத் தூக்கி நீட்டிவிட்டு, இடது காலின் உள்கணுக்காலில் விரலை வைத்தார். மேல்கால் அழுத்துகிற இடம். தோலுக்கு அடியில் காளான் தலை இரண்டு, இலேசாகத் துருத்திக்கொண்டு.

"இதுதான். மேல இருக்கற காலு பட்டுப் பட்டு நெருடுது. பாப்பா ஒதைச்சப்ப உயிரே போச்சு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் புள்ளையோடது இருக்கறதே தெரியல. உன்னோடது இருக்குதுன்னு தெரிஞ்சுட்டேதான் இருக்குது புள்ள. நடந்தாலும் தெரியுது, உக்காந்தாலும் தெரியுது."

படம் போடுகிறவளுக்கு இதைவிட அவமானம் இல்லை. தலை உயரம். அவளுடையதைப் போலக் குறைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பட்டறைக்குப் போனதும் படத்தைத் திறந்து அதைக் குறைக்கத்தான் போகிறேன் என்று எனக்கு அங்கேயே தெரியும். நட்சத்திரக் குழியை அவளிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அது திங்கட்கிழமைச் சமாச்சாரம்.

அவள் இவர் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை.

"அக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இதைத் தொட்டா தெரியுமா? நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?"

நான் தட்டு துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து அவர் காலின் மேல் போட்டேன்.

"பந்தி போட்டாச்சு," என்றேன். "சோறு ஆறிப்போகும், வா கண்ணு."